வெயிட்டிங் லிஸ்ட் ஒன்று

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பட்டியல் வரும்.
தண்டையார்பேட்டைக்கு அந்நேரம்
தண்ணி லாரியும் வரும்.
ஒரு கையில் போன். ஒரு கையில் குடம்.

வரிசையில் நிற்பவர்களுக்கு
ஒருமுறை விளக்கிப் பார்த்தேன்:
வருஷத்தில் எத்தனை ஊரில் ஆடினாலும்
இருப்பதில் நல்லதாகப் பத்துதான் கணக்கு.
போன வருஷம் இதே வாரம் ஜெயித்தது
இந்த வாரம் போய்விடும்.
"அடகு நகை மாதிரி சொல்லு.
தேதிக்குள்ள திருப்பலைன்னா மூழ்கிப்பூடும்"
என்றாள் தனகோடி அக்கா.
எந்தக் கோச்சும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

புள்ளி எனக்குச் சொந்தமில்லை.
நிலோஃபருக்கும் இல்லை.
எங்கள் இருவருக்கும் நடுவில் கிடக்கிறது,
அடிக்கும் முன் "உனக்கா எனக்கா"
என்று ஒரு நொடி தடுமாறுவோமே, அந்த இடத்தில்.
அவள் வேறொருத்தியோடு இறங்கினால்
அவளும் பூஜ்ஜியம், நானும் பூஜ்ஜியம்.
பிரியும் புருஷன் பெண்டாட்டிகூட
பாத்திரம் பண்டத்தைப் பங்கு போடலாம்.

அம்மா தள்ளி எடுத்த சீட்டில் கம்பாலா. காலிறுதி.
நிலோஃபர் அண்ணனின் பைக்கில் அல்மாட்டி.
அங்கே முதல் சுற்றிலேயே முடிந்தது,
பதினெட்டு நிமிஷம்.
பைக்குக்கு இன்னும் தவணை போகிறது.

காசிமேட்டுப் பக்கம் ஒரு பழைய குடோன்தான் கோர்ட்.
ஃபேன் போட்டால் இறகுப்பந்து திசை மாறும்.
கதவைத் திறந்தால் கடல் காற்று.
மூடினால் நேற்றைய மீன், இன்றைய நாங்கள்.
கண்டெய்னர் லாரி போகும்போது
வலை தானாக ஆடும்.
உடைந்த இறகோடுதான் காலைப் பயிற்சி.
நல்ல பந்து, எண்ணி ஆறு, சனிக்கிழமைக்கு.

நாட்டுக்கு ஒரு ஜோடி.
ரெண்டு ஜோடி போக
ரெண்டும் முதல் எட்டுக்குள் இருக்க வேண்டும்.
நாங்கள் எட்டைப் பார்த்ததில்லை, எட்டியும்.
கடைசித் தேதியில் ஐதராபாத் ஜோடி
எங்களைவிட நூற்று நாற்பது அதிகம்.
நூற்று நாற்பது என்றால்
அல்மாட்டியில் ஒரே ஒரு மேட்ச்.

அவர்கள் விலகினால் அடுத்தது நாங்கள்.
அவ்வளவுதான் சொல்லியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ வந்தது.
ஹர்ஷிதா பின்மூலைக்குப் போகிறாள்,
இடது கால் வளைகிறது,
ராக்கெட்டை விடாமலே உட்காருகிறாள்.
முதல் தடவை "ஐயோ" என்றுதான் பார்த்தேன்.
நாலாவது தடவை
எந்தப் பக்கம் வீங்கும் என்று பார்த்தேன்.

அன்று சாயங்காலம் நான் கோயிலுக்குப் போனேன்.
நிலோஃபர் தர்காவுக்குப் போனாளாம்.
ராயபுரம் பாலத்துக்குக் கீழே
ஒரே சோடாவைப் பங்கு போட்டுக் குடித்தோம்.
"இன்னா கேட்ட?"
"ஒண்ணும் கேக்கல. நீ?"
"நானும்தான்."
கோர்ட்டில் நாங்கள் இவ்வளவு
ஒத்துப்போனதே இல்லை.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் கடிதம் வரணும்.
ஸ்கேன் எடுத்துவிட்டார்களாம்.
பாஸ்போர்ட்டை அம்மா
அரிசி டப்பாவிலிருந்து எடுத்து
டிவி மேல் வைத்திருக்கிறாள்,
எதுவும் பேசாமல்.
"சீக்கிரம் குணமாகணும்" என்று
ஹர்ஷிதாவுக்கு டைப் அடித்தேன்.
அழித்தேன். மறுபடி அடித்தேன்.
"சீக்கிரம்" என்ற வார்த்தையை மட்டும் எடுத்துவிட்டு
அனுப்பினேன்.

இன்று லாரி வரவில்லை.
தனகோடி அக்கா மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள்.
அவளுடைய பச்சைக் குடம் மட்டும்
எனக்கு முன்னால் நிற்கிறது.
ஆள் இல்லாத குடத்தைத் தள்ளிவைக்கும் வழக்கம்
எங்கள் தெருவில் இல்லை.
காலிக்குடம். பிளாஸ்டிக்.
காற்றுக்கே லேசாக நகரும்.
என் கால் பக்கத்தில் இருக்கிறது.